ஈஸ்டர் பண்டிகையும் நம் வீட்டு மழலையரின் தின்பண்டமும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்குப் பண்டிகைகள் பொங்கலோடும் தீபாவளியோடும் முடிந்துவிடுவதில்லை. அண்டை வீட்டாரின் பண்டிகைகளும் நம் பண்டிகைகளே. சுவருக்கு அப்பாலிருந்து ஒரு தட்டு வரும். அத்தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புதல் நம் வழக்கமன்று. இவ்வாறு தட்டுகள் போவதும் வருவதுமாக இருக்கையில், அவற்றில் உள்ள பண்டங்களின்மேல் முதலில் கை நீட்டுவோர் யார்? வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளைகளே. ஆதலின், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள மழலையருக்குப் பண்டிகைக் காலத்தில் எதை ஊட்டலாம், எதைத் தள்ளலாம் என்பதை ஈஸ்டர் பண்டிகையை முன்னிட்டு இன்று ஆராய்வோம்.

நாங்கள் வாழ்வது கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடி. பல மொழியினரும் பல சமயத்தினரும் அடுத்தடுத்து வாழும் பழைய பகுதி இது. இங்கு 1344ஆம் ஆண்டில் யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று இருந்தது. அதன் கல்வெட்டு, 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக் கூடத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது. அச்சமூகத்தாரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்துவிட்டனர். ஆயினும் புளிக்காத அப்பத்தை உண்டு அவர்கள் கொண்டாடிய ‘பெசாக்’ விழாவின் பெயர் இவ்வூர் அடுக்களைகளில் வாழ்கின்றது. கேரளத்துக் கிறித்தவர்கள் பெரிய வியாழனன்று அவிக்கும் அப்பத்திற்குப் ‘பெசஹா அப்பம்’ என்றே பெயர். தமிழ்க் கிறித்தவர்கள் ‘பாஸ்கா’ என்பதும் அதே சொல்லிலிருந்து வந்ததே.

ஈஸ்டர் ஞாயிறு ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதன்று. மேலைத் திருச்சபைகளின் கணக்குப்படி அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடைப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமையும். நம் சித்திரைத் திருநாளும், மலையாளிகளின் விஷுவும், பள்ளி விடுமுறையும் அதை ஒட்டியே வருகின்றன. எனவே, ஒரு பண்டிகையின் இனிப்புத் தீருமுன் மறு பண்டிகையின் இனிப்பு வந்து சேர்கின்றது. இது கோடையின் உச்சமும் ஆகும். தேங்காய் சேர்ந்த பண்டம் காலையில் செய்தால் மாலைக்குள் கெட்டுவிடும். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டே நாம் மேலே செல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் நிகழ்ந்தது ஒன்று. ஈஸ்டர் நாளன்று ஒரு வீட்டுக்குப் பளபளக்கும் தாள் சுற்றிய சிறு சாக்லேட் முட்டைகள் ஒரு பை நிறைய வந்தன. இரண்டு வயது நிறையாத பிள்ளை அதில் ஒன்றைத் தாளோடு வாயில் இட்டுக்கொண்டது. பெரியவர்கள் பேச்சில் இருந்தார்கள். பிள்ளையின் முகம் சிவந்து கண்கள் பிதுங்கிய பின்னரே பாட்டி கண்டார். நல்வேளையாக, பிள்ளை தானே இருமி அதைத் துப்பிவிட்டது. எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. ஆயினும் அந்த அரை நிமிடத்தை அவ்வீட்டார் இன்றுவரை மறந்திலர். அன்பினால் வந்த பொருளே ஆபத்தாக மாறக்கூடும் என்பதை நாங்கள் அன்று கற்றோம்.

பெரியவர்க்கு ஏற்றது மழலையர்க்கு ஏலாததற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தொண்டை. இரண்டு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழல் அதன் சுண்டுவிரல் பருமனே உடையது. பின்பற்கள் முற்றும் முளைக்காமையால் கடினமானவற்றை அரைத்து விழுங்கவும் இயலாது. இரண்டாவது, வயிறு. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளை ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரையே உண்ணும். அச்சிறு வயிற்றை இனிப்பினால் நிரப்பிவிட்டால் சோற்றுக்கும் பருப்புக்கும் இடம் இராது. மூன்றாவது, நாக்கு. எந்தச் சுவையை விரும்புவது என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும் பருவம் இதுவே. இப்பருவத்தில் மிகையான இனிப்பில் பழகிய நாக்கு, பின்னர்ப் பழத்தின் இயல்பான இனிப்பைப் பொருட்படுத்தாது.

இனிப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குச் சேர்க்கைச் சர்க்கரையே வேண்டா என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் அறிவுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த நெறியின்படி, சேர்க்கைச் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் நாள் முழுவதும் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. அதில் பாதியாகக் குறைத்தல் இன்னும் நன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 கலோரி தேவைப்படும் சிறு பிள்ளைக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது 25 கிராம் சர்க்கரை. அதில் பாதி என்பது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி. பால் சாக்லேட்டின் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையே. அப்படியாயின், 25 கிராம் எடையுள்ள ஒரே ஒரு சாக்லேட் முட்டை அப்பிள்ளைக்குரிய அந்தப் பாதி அளவு முழுவதையும் தீர்த்துவிடும். வெல்லமும் கருப்பட்டியும் கெடுதல் செய்யா என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவற்றில் சிறிதளவு தாதுச் சத்து உண்டு என்பது மெய்யே. ஆனால், பல்லைப் பொறுத்தவரை அவையும் சர்க்கரையே. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றையும் அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். நாள் முழுவதும் சிறுகச் சிறுகக் கொறிப்பதே பல்லுக்கு மிகத் தீங்கு.

இதனினும் பெரிய கவலை ஒன்று உண்டு. அதுவே இரும்புச்சத்துக் குறைவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் இரத்தச்சோகை உடையோர் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 67 பேர். தமிழ்நாட்டில் 57 பேர். கேரளத்தில் 39 பேர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் இக்குறை விடுவதில்லை. வயிறு நிறைந்தும் இரத்தம் ஊறாத நிலை அது. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து ஊட்டும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. தேநீர், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கும். ஆதலின், மழலையர்க்குத் தேநீர் அறவே வேண்டா. மாட்டுப்பாலும் நாளொன்றுக்கு அரை லிட்டரே போதும். மிகுதியாகப் பருகினால் மற்ற உணவின்மேல் பசி எழாது.

அப்படியாயின், பண்டிகை நாளில் பிள்ளையின் கையில் எதைத்தான் கொடுப்பது? இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. அண்டை வீட்டு ஆவிப் பானையிலேயே அது இருக்கின்றது.

கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய நாளைக் ‘கொழுக்கட்டை சனி’ என்பர். அன்று அரிசி மாவில் தேங்காய்ப் பூவும் வெல்லமும் வைத்து உருட்டி அவிப்பர். பிள்ளையார் சதுர்த்திக்கு நம் வீட்டில் செய்யும் அதே கொழுக்கட்டைதான். தெய்வம் வேறு, பானை ஒன்று. இதில் எண்ணெய் இல்லை, பொரிப்பு இல்லை. மழலைக்கு ஏற்றவாறு இதில் செய்யவேண்டிய மாற்றம் ஒன்றே. வெல்லத்தின் இடத்தில் நன்கு கனிந்த பழத்தை வைக்கவேண்டும்.

செய்முறை வருமாறு. வறுத்த அரிசி மாவு ஒரு கிண்ணம் எடுத்து, கொதிக்கும் நீர் ஏறத்தாழ ஒன்றேகால் கிண்ணத்தைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து மூடி வைக்கவும். தோல் கறுக்கும்வரை கனிந்த நேந்திரம் பழம் ஒன்றை மசித்து, நன்கு நெருநெருவெனத் துருவிய தேங்காய் அரைக் கிண்ணம், ஏலப்பொடி ஒரு சிட்டிகை, நெய் அரைத் தேக்கரண்டி சேர்த்து அடுப்பில் ஈரம் வற்றக் கிளறவும். மாவை மெல்லியதாகத் தட்டி, இதை உள்ளே வைத்து மூடி, ஆவியில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேகவிடவும். பிள்ளைக்குக் கொடுக்கும்போது முழு உருண்டையாகக் கொடுக்கலாகாது. பசைத்தன்மையுள்ள உருண்டை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். சுண்டல் கடலை அளவிற்கும் சிறியனவாகப் பிட்டு, சிறிது தேங்காய்ப் பாலில் நனைத்து ஊட்டுக.

பெரிய வியாழனுக்குரிய பெசஹா அப்பம், அரிசியும் உளுந்தும் தேங்காயும் சேர்த்து அரைத்து, புளிக்க வைக்காமல் உடனே அவிக்கும் பண்டம். சீரகம், சிறு வெங்காயம், பூண்டு ஆகியன சேர்ப்பர். குருத்தோலையால் ஆன சிலுவையை மேலே இட்டு, மாலையில் இறைவேண்டல் முடிந்தபின் வீட்டுப் பெரியவர் அதைப் பிட்டு, தேங்காய்ப் பாலும் வெல்லமும் கலந்த பாலோடு வயது வரிசைப்படி அனைவர்க்கும் அளிப்பார். துக்கம் நிகழ்ந்த வீட்டில் அவ்வாண்டு அதைச் செய்வதில்லை. உற்றாரும் அயலாரும் கொடுத்தனுப்புவர். சிலுவையிட்ட அப்பம் அவ்வீட்டார்க்குத் திருவுணவு. அதைத் தின்பண்டமாகக் கருதுதல் முறையன்று. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதன் சேர்மானத்தை. அரிசியில் குறைவாயுள்ள புரதக்கூறு உளுந்தில் உண்டு. உளுந்தில் குறைவாயுள்ளது அரிசியில் உண்டு. இரண்டும் கூடும்போது பிள்ளையின் தசை வளர்ச்சிக்கு உகந்த புரதம் கிடைக்கின்றது. நம் இட்டிலியின் நுட்பமும் இதுவே அன்றோ!

இதே சேர்மானத்தில் மழலையர்க்குத் தனியே ஓர் அப்பம் அவிக்கலாம். ஊறவைத்த அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, தேங்காய்ப் பூ இரண்டு பங்கு, சீரகம் சிறிது ஆகியவற்றை மைய அரைத்து, நெய் தடவிய தட்டில் ஊற்றி இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். நடுவில் ஈர்க்கு ஒன்றைக் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டலாகாது. இதனுடன் ஊட்டும் தேங்காய்ப் பாலில் வெல்லத்திற்கு மாறாக, ஊறவைத்து விதை நீக்கி அரைத்த பேரீச்சம் பழம் இரண்டைக் கலக்குக. அப்பமும் இனிக்கும், பிள்ளையும் முகஞ் சுளிக்காது.

கேரளத்தார் பிள்ளை வளர்ப்பில் நேந்திரத்துக்குத் தனி இடம் உண்டு. பழத்தைத் தோலோடு ஆவியில் அவித்து, நடுவிலுள்ள கறுப்பு நரம்பை நீக்கி, நெய் தொட்டு ஊட்டுவர். காயை உலர்த்திப் பொடித்துக் கஞ்சியாகக் காய்ச்சுவதும் உண்டு. கேழ்வரகும் அவ்வாறே. இங்கு அதைப் ‘பஞ்ஞப்புல்’ என்றும் ‘முத்தாரி’ என்றும் கூறுவர். கன்னட நாட்டில் ‘ராகி’, மராட்டியத்தில் ‘நாச்சணி’. பெயர் தெரியாமல் கடையில் தேடி ஏமாறவேண்டா. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடையுள்ள பசும்பாலில் இருப்பது 120 அளவே. முளைகட்டி உலர்த்தி அரைத்தால் அதிலுள்ள சத்துகளை உடல் இன்னும் எளிதாக ஏற்கும். முளைகட்டிய கேழ்வரகு மாவுடன் மசித்த பழத்தைப் பிசைந்து, முட்டை வடிவில் கையால் பிடித்து அவித்துத் தட்டில் வைத்தால், அதுவே பிள்ளைக்கு ஈஸ்டர் முட்டை. வெட்டிக் கொடுப்பதற்கு முன் அதன் உருவைக் கண்டு பிள்ளை கைகொட்டி மகிழும்.

இனி, மெய்யான முட்டையைப் பற்றிச் சொல்லுவோம். சிரியன் கிறித்தவர்களின் ஐம்பது நாள் நோன்பில் முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றை விலக்குவர். நோன்பு விடும் நாளில் முட்டைக்குச் சிறப்பு வந்தது அதனாலே. ஐரோப்பாவிலும் நோன்புக் காலத்தில் சேர்ந்த முட்டைகளை அவித்து வண்ணந் தீட்டிப் பிள்ளைகட்குக் கொடுத்தனர். சாக்லேட் முட்டை பின்னாளில் வந்தது. நம் மழலைக்கு மூலத்திலிருந்த முட்டையே மேலானது. ஒரு கோழி முட்டையில் ஆறு கிராம் அளவில் புரதம் உண்டு. வெங்காயச் சருகோடு அவித்தால் ஓடு செம்பழுப்பாகும். மஞ்சளோடு அவித்தால் பொன்னிறம் பெறும். பீட்ரூட் நீரில் ஊறினால் இளஞ்சிவப்பாகும். விற்பனைச் சாயப்பொடி எதுவும் வேண்டா. பஞ்சு மிட்டாயில் நச்சுச் சாயம் கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடும் புதுச்சேரியும் அதன் விற்பனையைத் தடை செய்ததை நாம் மறக்கலாகாது.

முட்டையைப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் முழுதும் வேகவிடுக. மஞ்சட்கரு உலர்ந்து விக்கக்கூடும். தேங்காய்ப் பாலோ நெய் விட்ட சோறோ கலந்து மசித்து ஊட்டுக. அவித்த முட்டையை இக்கோடையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே வைக்கலாகாது. முதன்முறை ஊட்டுவோர் சிறிதளவே கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகின்றதா எனக் கவனிக்கவேண்டும். முட்டை உண்ணாத குடும்பத்தார் பாசிப்பயற்றைக் குழைய வேகவைத்து மசித்து, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு ஊட்டலாம். எலுமிச்சையும் நெல்லியும் தரும் புளிப்புச் சத்து, பயற்றிலுள்ள இரும்பை உடலில் சேர்க்கும்.

வேற்று மாநிலத்தில் இருக்கின்றோம் என்று அங்கன்வாடியை நாடத் தயங்குவோர் நம்மில் உளர். அத்தயக்கம் வேண்டா. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் எல்லா மாநிலங்களுக்கும் உரியது. கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குடும்பஸ்ரீ மகளிர் தயாரிக்கும் ‘அமிர்தம்’ சத்துமாவை அங்கன்வாடி வாயிலாகத் தருகின்றனர். அதைக் கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணத்தோடு சேர்க்கலாம். அதில் சர்க்கரை முன்னரே உண்டு, மேலும் இடவேண்டா.

விலக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம். முழு நிலக்கடலை, முந்திரி, கடலை மிட்டாய், கல்கண்டு, சோளப்பொரி, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய், பளபளக்கும் சிறு சர்க்கரை மணிகள் ஆகியன நான்கு வயது வரை வேண்டா. நிலக்கடலையை அரைத்துச் சேர்த்தல் நன்று. திராட்சையை நீளவாக்கில் நான்காக வகிர்ந்து கொடுக்கலாம். சிறு பொம்மை உள்ளே வைத்த சாக்லேட் முட்டைகளை மழலையர்க்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். ஒரு வயது நிறையாத கைக்குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதும் கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து அக்குழந்தையின் நரம்புகளைத் தளரச் செய்யும்.

இவ்வளவு காத்தும் தொண்டையில் ஏதேனும் சிக்கினால் என்ன செய்வது? பிள்ளை உரக்க இருமுமாயின் இருமவிடுக; அதுவே நல்ல மருந்து. இருமவும் அழவும் குரல் எழாவிடின் கணமும் தாமதிக்கலாகாது. ஒரு வயது கடந்த பிள்ளையை முன்புறம் சாய்த்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை உறுதியாகத் தட்டுக. பொருள் வெளிவராவிடின், பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துக. இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்க. ஒரு வயது நிறையாத குழந்தையைக் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டும், மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து அழுத்தமும் தருக. அதன் வயிற்றை அழுத்தலாகாது. கண்ணுக்குப் புலப்படாத பொருளை விரலால் துழாவுதல் தவறு. அது இன்னும் உள்ளே போய்விடும். இதற்கிடையில் மற்றொருவர் 112 அல்லது 108 எண்ணுக்குச் செய்தி சொல்லட்டும். இம்முறையை வீட்டிலுள்ள பெரியோர் அனைவரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதியாக, அன்பளிப்புகளைப் பற்றி ஒரு சொல். அயலார் அன்போடு கொடுக்கும் சாக்லேட் முட்டையை வேண்டா என்று மறுத்து அவர் மனத்தைப் புண்படுத்த வேண்டியதில்லை. நன்றி கூறி வாங்கி உள்ளே வைப்போம். இரண்டு வயது கடந்த பிள்ளைக்கு, உணவு முடிந்தபின், ஒரு சிறு துண்டு மட்டும் கொடுத்து வாய் கொப்பளிக்கச் செய்வோம். எஞ்சியவை பெரியவர்களுக்கு ஆகட்டும். அதே வேளையில், நம் தட்டைத் திருப்பி அனுப்பும்போது அதில் பழக் கொழுக்கட்டை நான்கினை வைத்து அனுப்புவோம். “குழந்தைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்” என்று ஒரு வார்த்தையும் சொல்லுவோம். மறு ஆண்டு அவ்வீட்டிலிருந்தும் அதுவே வரக்கூடும். எங்கள் தெருவில் இரண்டொரு வீட்டில் அவ்வாறு வரத் தொடங்கியிருக்கின்றது.

பண்டிகையின் இனிமை சர்க்கரையில் இல்லை. ஆவி பறக்கும் பானையைச் சுற்றி வீட்டார் கூடியிருப்பதிலும், பாட்டியின் மடியில் இருந்துகொண்டு பிள்ளை தன் கையால் ஒரு சிறு துண்டைப் பிட்டு வாயில் இடுவதிலும் அது இருக்கின்றது. எந்த மாநிலத்தில், எந்த மொழிக்கு நடுவில் நாம் வாழ்ந்தாலும், அப்பானையை அடுப்பில் ஏற்றுவது நம் கையில் உள்ளது.